நான்கு கணிப்பொறிகள் இருந்தால் போதுமா?

ஒரகடத்துத் தொழிற்சாலைகளிலிருந்து இன்று வெளிவரும் கார்களில் ஆக்சிலரேட்டருக்கும் எஞ்சினுக்கும் இடையே எஃகுக் கம்பி இருப்பதில்லை. மிதியின் அசைவை ஓர் உணரி அளந்து மின்சைகையாக அனுப்புகிறது. காரில் நம்பும் இம்முறையைச் சிறு விமானத்தில் மட்டும் ஏன் தயங்க வேண்டும் என்று மாணவர்கள் கேட்பதுண்டு. கார் பழுதானால் ஓரங்கட்டலாம். வானில் ஓரம் ஏது?

இதற்கு வழக்கமாகத் தரப்படும் விடை ஒன்று உண்டு. ஒரு கணிப்பொறி பழுதாகும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்று எனக் கொள்வோம். நான்கை வைத்தால் நான்கும் பழுதாகும் வாய்ப்பு இலட்சம் கோடியில் ஒன்றாகிவிடுமாம்! கணக்கு சரி, இயற்பியல்தான் தவறு. நிகழ்ச்சிகள் ஒன்றையொன்று சாராதவையாக இருந்தால்தான் நிகழ்தகவுகளைப் பெருக்கலாம் என்பதை நீங்கள் பள்ளியிலேயே படித்திருப்பீர்கள். நான்கிலும் ஒரே நிரல், ஒரே மின்கலம் என்றால் அவை நான்கல்ல, ஒன்றே.

போயிங் 737 மேக்ஸ் விமானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். விமானியின் கைப்பிடியிலிருந்து எஃகு வடங்கள் செல்லும் விமானம்தான் அது. ஆனால் அதில் சேர்த்த ஒரு தானியங்கி அமைப்பு, இரண்டு உணரிகள் இருந்தும் ஒன்றை மட்டுமே நம்பி மூக்கைக் கீழே தள்ளியது. 2018, 2019 ஆண்டுகளின் இரு விபத்துகளில் 346 பேர் மாண்டனர்.

இயந்திர முறை மட்டும் பழுதற்றதா? இல்லை. 2023 விபத்துகளுக்குப் பின் நமது துருவ் ஹெலிகாப்டரின் அலுமினியக் கட்டுப்பாட்டுத் தண்டுகளை எஃகுத் தண்டுகளாக மாற்ற நேர்ந்தது. எனினும் நைந்த வடம் சோதிப்பவர் கண்ணுக்குப் படும். நிரலிலுள்ள பிழை நைவதில்லை.

தேஜஸ் போர்விமானம் வேண்டுமென்றே நிலைப்பற்றதாக வடிவமைக்கப்பட்டது. மனிதக் கை மட்டும் அதை அடக்க முடியாது. எனவே நான்கு தடக் கணிப்பொறி அங்கே கட்டாயம். 1993இல் முதலில் பறந்த ஹன்சா என்னும் இரு இருக்கைப் பயிற்சி விமானத்தின் கதை வேறு. அது தானே நிலைகொள்ளும், விமானியின் தசைவலியும் போதும். அத்தகைய விமானத்தில் மின்னணுக் கட்டுப்பாடு வீண் எடை என்பதே என் கருத்து.

நான்கு விசிறி டிரோனுக்கோ வேறு வழியே இல்லை. ஒவ்வொரு விசிறியின் வேகத்தையும் வினாடிக்குப் பலமுறை திருத்தினால்தான் அது மிதக்கும். வல்லம் வடகாலில் டிரோன்களுக்குப் பொதுச் சோதனை மையம் திட்டமிடப்பட்டதை இதனோடு சேர்த்தே பார்க்க வேண்டும். ஒரகடத்திலுள்ள வாகன ஆராய்ச்சி மையத்தில் வண்டிகளின் மீது வானொலி அலைகளைப் பாய்ச்சி, மின்னணுப் பகுதிகள் தடுமாறுகின்றனவா என்று பார்க்கிறார்கள். அதே அலை டிரோனின் எல்லாத் தடங்களையும் ஒரே நொடியில் தாக்கினால் என்ன ஆகும்? உற்பத்தியாளரிடம் நாம் கேட்க வேண்டியது அதைத்தான்.