நாலு புல் ரிக்வெஸ்ட், ஒரு டி-ஷர்ட்

"ப்ரோகிராமிங் கத்துக்கணுமா? ஓப்பன் சோர்ஸ்ல பங்களிப்பு பண்ணுங்க." இந்த அறிவுரையைக் கேட்காத கல்லூரி மாணவர் இன்னைக்குக் கோயம்புத்தூர்ல அநேகமாக இருக்க மாட்டார். பெரியநாயக்கன்பாளையத்தில் எங்க வீதித் தம்பி ஒருத்தன் போன வாரம் லேப்டாப்போட வந்தான். "அண்ணா, நாலு புல் ரிக்வெஸ்ட் போட்டிருக்கேனுங்க." நாலும் ரீட்மீ கோப்பில் கமா, முற்றுப்புள்ளி மாற்றம். ஒன்றில் அவன் பெயரையும் சேர்த்திருந்தான்.

அவனைக் குறை சொல்ல எனக்கு மனசு வரலை. அறிவுரையே அப்படித்தான் பரவியிருக்கிறது. டிஜிட்டல்ஓஷன் நிறுவனம் 2014-ல் தொடங்கிய ஹேக்டோபர்ஃபெஸ்ட்டில், 2020 அக்டோபரில் நாலு புல் ரிக்வெஸ்ட் அனுப்பினால் டி-ஷர்ட். எப்படி அனுப்புவது என்று நம் நாட்டு யூடியூப் வீடியோ ஒன்று காட்ட, ரீட்மீயில் 'அருமையான ப்ராஜெக்ட்' என்று ஒட்டிய கோரிக்கைகள் குவிந்தன. 3-ஆம் தேதியே விதி மாறியது: விரும்பிச் சேரும் ப்ராஜெக்ட்கள் மட்டும்தான் கணக்கு. 2024-லும் இதே கூத்து. எக்ஸ்பிரஸ் ஜேஎஸ் ப்ராஜெக்ட்டின் ரீட்மீயில் தங்கள் பெயரை எழுதி மாணவர்கள் அனுப்பித் தள்ளினார்கள். அதுவும் ஒரு பயிற்சி வீடியோ பார்த்துத்தான்.

இவர்கள் கற்றது கிட் கட்டளைகள் நாலு. ப்ரோகிராமிங் இல்லை.

லட்சுமி மெஷின் ஒர்க்ஸ் 1962-ல் தொடங்கிய ஊர் இது. லேத் பட்டறை தெரியாதவர்கள் இங்கே குறைவு. புதுசா சேர்ந்த பையன் இரும்புச் சுருளைக் கூட்டித்தான் தொடங்குவான். ஆனால் தொழில் அதில் வருவதில்லை. அவன் கடைந்த பீஸை மூத்தவர் வெர்னியர் வைத்து அளந்து, "இது ஆகாது" என்று ஒதுக்கி, எங்கே தப்பு என்று காட்டும்போது வருகிறது. ஓப்பன் சோர்ஸில் அந்த வெர்னியர்தான் கோட் ரிவ்யூ. அதைச் செய்பவர் பெரும்பாலும் சம்பளமில்லாமல், வேலை முடிந்த ராத்திரியில் செய்கிறார். வெற்று ரீட்மீ மாற்றங்கள் தின்பது கற்பதற்கு உதவும் அந்த நேரத்தையேதான். (எழுத்துப்பிழை திருத்துவதே பாவம் என்று சொல்ல வரவில்லை. படிக்கும்போது கண்ணில் பட்ட பிழை வேறு, வேட்டையாடிய பிழை வேறு.)

அப்போ ஆரம்பநிலை ஆள் எங்கே போவது? தனக்கு ஏற்கெனவே தெரிந்த ஒன்று எங்கே தேவைப்படுகிறதோ அங்கே. ஓப்பன்-தமிழ் என்ற பைத்தான் நூலகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பைத்தானிடம் 'பெரியநாயக்கன்பாளையம்' என்ற சொல்லின் நீளம் கேட்டால் 20 என்கிறது. நாம் எண்ணினால் 12 எழுத்து. கொம்பு, கால், புள்ளி எல்லாம் யூனிகோடில் தனித்தனிக் குறியீடுகள் என்பதால் வரும் வித்தியாசம். இவற்றைச் சேர்த்து எழுத்தாகப் பிரித்துத் தருவது அந்த நூலகத்தின் அடிப்படை வேலைகளில் ஒன்று. இங்கே பத்து வருட அனுபவமுள்ள, தமிழ் தெரியாத ப்ரோகிராமரை விட நம்ம தம்பிக்குத்தான் விஷயம் தெரியும். 'பக்ஷி' இரண்டு எழுத்தா மூன்றா என்று அவனால் சண்டை போட முடியும். அந்தச் சண்டையை ஒரு டெஸ்ட்டாக எழுதுவது நிஜமான ப்ரோகிராமிங்.

நூலகத்தின் கோடை வாசித்துக்காட்டிவிட்டு அவனிடம் ஒரு சொல் கொடுத்தேன்: 'கொங்கு'. முதல் எழுத்தின் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் வைக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

நேத்து ராத்திரி பத்தரைக்குக் கூப்பிட்டான். "அண்ணா, ரெண்டு 'கொங்கு'வும் ஒன்னான்னு கேட்டா இல்லீங்குது. ஒன்னு ஆறு, இன்னொன்னு ஏழுங்க. தேடுனா ஒன்னுதான் கெடைக்குது. இதை எங்கீங்க சரி பண்றது, தேடுற எடத்துலயா, உள்ள வாங்குற எடத்துலயா?"

பழைய நாலு புல் ரிக்வெஸ்ட்டையும் அவனே மூடிவிட்டானாம்.