மீன் பெட்டிக்குள் ஒரு ஜங்லிகாட் இரவு

அந்தமானில் எங்கள் ஜங்லிகாட்டில் இட்லி மாவைப் புளிக்க வைக்க யாரும் மெனக்கெடுவதில்லை. ராத்திரி எட்டு மணிக்கு ஆட்டிவைத்தால், விடிவதற்குள் மூடியைத் தள்ளிக்கொண்டு மேடையெல்லாம் வழிந்திருக்கும். இரவிலும் பெரிதாகக் குளிராத ஊர். ஊட்டியில் அக்கா வீட்டில் கதை நேர்மாறு. ஜனவரியில் போயிருந்தபோது விடியற்காலைச் சமையலறை 9 டிகிரியில் இருந்தது. ஆட்டி இருபது மணி நேரமாகியும் மாவு ஆட்டினபடியே கிடந்தது. "இங்க வந்த நாள்லேர்ந்து மாவு பொங்கிப் பார்த்ததே இல்லடா தம்பி" என்றாள். கம்பளி சுற்றிப் பார்த்தாள், வெந்நீர் அண்டாவுக்குள் வைத்துப் பார்த்தாள். கடைசியில் சோடா உப்புதான். நல்ல உளுந்து வாங்கிப் பக்குவமாக ஆட்டுகிறவளுக்கு இந்த நிலைமை வரக் கூடாது என்று எனக்கு மனசு கேட்கவில்லை.

கையோடு கொண்டுபோயிருந்தது எஸ்டிசி-1000 என்ற வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி. உள்ளங்கையில் அடங்கும், ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. முன்பக்கம் சிவப்பு எண்கள், நான்கு பட்டன்கள். பின்பக்கம் எட்டு ஸ்க்ரூ முனைகள். 1, 2 மின்சாரத்துக்கு. 3, 4 சென்சாருக்கு. 5, 6 சூடாக்க. 7, 8 குளிர வைக்க. சூடு குறைந்தால் ஒரு ரிலேவும் கூடினால் இன்னொன்றும் தானாகவே சேரும். குளிர்நாடுகளில் வீட்டிலேயே பீர் காய்ச்சுபவர்கள் இதை வெகுகாலமாகப் பயன்படுத்துகிறார்கள். ஏல் வகை ஈஸ்ட்டுக்குப் பொதுவாக 18 முதல் 22 டிகிரி வேண்டும். வீடு அதற்குக் கீழே குளிர்ந்தால் ஈஸ்ட் அடியில் படிந்து உறங்கிவிடும். நம் மாவைப் பொங்க வைப்பது லூகோனோஸ்டாக் மெசன்டெராய்ட்ஸ் என்ற பாக்டீரியா. பெரும்பாலும் உளுந்தோடு கூடவே வருவது. 28, 30 டிகிரி கிடைத்தால் எட்டிலிருந்து பன்னிரண்டு மணி நேரத்தில் வேலையை முடித்துவிடும்.

மாவுப் பாத்திரத்தை உள்ளே வைத்துச் சூடாக்க மீன்கடையில் தெர்மாகோல் பெட்டி ஒன்று கேட்டு வாங்கினோம். எங்கள் ஊர் மீன் இறங்குதுறையில் ஐஸ் கொட்டி மீன் அடுக்கும் அதே பெட்டிதான். குளிரை வெளியே விடாத சுவர் சூட்டையும் விடாது. சோப்புப் போட்டுக் கழுவி இரண்டு நாள் வெயிலில் காயவைத்தும் வாடை லேசாக இருந்தது, மாவில் ஏறவில்லை.

சூட்டுக்கு முதல் ராத்திரி ஜீரோ வாட் பல்ப் போட்டேன். பெயர்தான் ஜீரோ, உண்மையில் 15 வாட் வரை இழுக்கும். அப்படியும் பெட்டி 21 டிகிரியைத் தாண்டவில்லை. மறுநாள் 40 வாட் குண்டு பல்ப். எல்ஈடி இதற்கு உதவாது, அதில் சூடு போதாது. குண்டு பல்ப் தெர்மாகோலைத் தொட்டால் உருகிவிடும் என்பதால் காலி பால்பவுடர் டின்னுக்குள் பொருத்தினேன். பீர் காய்ச்சுபவர்கள் பெயிண்ட் டப்பாவில் இப்படிச் செய்வார்கள். வெளிச்சம் பட்டால் பீரின் மணம் கெடும் என்பதால் அவர்களுக்கு அது இரட்டை லாபம். டின்னுக்கு எர்த் கம்பி கட்டாயம். பின்பக்க முனைகள் திறந்தே இருக்கின்றன, 230 வோல்ட் ஓடுகிறது. இந்தக் கருவியில் எனக்குள்ள பெரிய மனக்குறை இதுதான். வயரிங் தெரியாதவர்கள் எலக்ட்ரீஷியனை வைத்து மூடிய டப்பாவுக்குள் பொருத்திக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ப்ளக்கும் சாக்கெட்டும் சேர்ந்தே வருகிற இங்க்பேர்ட் ஐடிசி-308 வாங்குங்கள். விலை கூடுதல்தான், ஆனால் நிம்மதி.

இரண்டாம் ராத்திரியும் தோற்றேன். சென்சாரைப் பெட்டிக்குள் சும்மா தொங்கவிட்டிருந்தேன். திரையில் 28 காட்டியது. காலையில் கரண்டி விட்டால் மாவின் நடுவே சில்லென்று இருந்தது. காற்று கால் மணியில் சூடாகிவிடும், நாலு லிட்டர் மாவு ஆகாது. மூன்றாம் ராத்திரி சென்சாரைப் பாத்திரத்தின் பக்கவாட்டில், மாவு மட்டத்துக்குக் கீழே டேப் போட்டு ஒட்டி, மேலே நாலாக மடித்த துணியை வைத்து அழுத்தினேன். மாவுக்குள் விடாதீர்கள், சாப்பாட்டில் முங்க வேண்டிய பிளாஸ்டிக் அல்ல அது. வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு ஆட்டச் சொன்னேன். எஸ் பட்டனை மூன்று விநாடி அழுத்தி எஃப்1-ஐ 28 என்றும், எஃப்2-ஐ 1 என்றும் வைத்தேன். அதாவது 27-க்கு இறங்கினால் பல்ப் எரியும், 28-இல் அணையும்.

காலை ஆறரைக்கு அக்கா மூடியைத் திறந்தாள். மாவு விளிம்பைத் தொட்டுக்கொண்டு நின்றது. விரலால் விலக்கினால் உள்ளே தேன்கூடு மாதிரி ஓட்டைகள். அவள் ஒன்றும் சொல்லவில்லை, இட்லித் தட்டை எடுக்கப் போய்விட்டாள். பல்ப் எரிந்தும் அணைந்தும் ஓர் இரவுக்கு ஆன செலவு அரை யூனிட்டுக்குள்தான்.

இதே கருவி இன்னொன்று ஜங்லிகாட்டில் ஒரு வருடமாக எங்கள் பழைய சின்ன ஃப்ரிட்ஜை ஓட்டுகிறது. அங்கே 5, 6 காலி. 7, 8-தான் வேலை. 26 டிகிரியில் நிறுத்தினால் மே மாதத்திலும் மாவு காலை வரை வழியாமல், புளிப்பு ஏறாமல் நிற்கிறது. அங்கே நான் மதிப்பது எஃப்3-ஐ. கம்ப்ரசர் நின்றால் மறுபடி ஓட எத்தனை நிமிடம் காத்திருக்க வேண்டும் என்பதை அது வைத்துக்கொள்ளும். நிலப்பகுதி மின் தொடரோடு சேராத, பெரும்பாலும் டீசலில் ஓடும் தீவுக் கரண்ட் எங்களுடையது. போய்ப் போய் வரும். வந்தவுடனே கம்ப்ரசர் துள்ளி எழுந்தால் அதன் ஆயுள் குறையும். நான் ஐந்து நிமிடம் வைத்திருக்கிறேன்.

வாங்கியதும் ஒன்று செய்யுங்கள். உடைத்த ஐஸும் கொஞ்சம் தண்ணீரும் கலந்து சென்சாரைப் பத்து நிமிடம் முக்குங்கள். சுழியம் காட்ட வேண்டும். நான் மீன் இறங்குதுறையில் ஒரு டம்ளர் ஐஸ் வாங்கிப் பார்த்ததில் 1.2 காட்டியது. எஃப்4-இல் மைனஸ் 1.2 என்று திருத்திய பிறகுதான் ஊட்டிக்குக் கட்டினேன்.