ஒன்பது பவுண்டுச் சட்டை: சீனத் தேர்வறையில் காதும் கண்ணும்

சட்டை என்ன விலை? 9 பவுண்டு 15 பென்ஸ்.

சீனாவில் மேல்நிலைப் பள்ளி முடித்த ஒருவரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இந்த விலையைச் சொல்லிவிடுவார். பல்கலைக்கழக நுழைவுக்கான 'காவ்காவ்' தேர்வின் ஆங்கிலத் தாளில், கேட்டல் பகுதியின் தொடக்கத்தில், எப்படி விடையளிப்பது என்று காட்டுவதற்காக அச்சிடப்படும் மாதிரிக் கேள்வி அது. மாதிரி என்பதால் விடையும் கூடவே இருக்கும். மதிப்பெண் கிடையாது. பயிற்சித் தாளில், மாதத் தேர்வில், கடைசியில் காவ்காவில் என்று அதே சட்டை, அதே விலை. ஊர் உலகமெல்லாம் விலைவாசி ஏறியும் இந்தச் சட்டை மட்டும் ஏறவே இல்லை. இதை வைத்துச் சீன இளைஞர்கள் செய்யும் கேலிக்கு அளவில்லை.

ரோலான் பார்த் 1957இல் வெளியான தம் 'மித்தாலஜீஸ்' நூலில் பள்ளிக்கூட லத்தீன் வாக்கியம் ஒன்றைப் பற்றிப் பேசுகிறார். சிங்கம் தன் பெயரைச் சொல்லிக்கொள்ளும் வாக்கியம் அது. ஆனால் அங்கே சிங்கத்தைப் பற்றி யாருக்கும் அக்கறையில்லை. 'நான் ஓர் இலக்கண உதாரணம்' என்பதைத்தான் அந்த வாக்கியம் மாணவனிடம் சொல்கிறது என்பது அவர் வாசிப்பு. சீனத் தேர்வறைச் சட்டையும் அந்தச் சிங்கத்தின் உறவுதான். அதை வாங்க ஆளில்லை, விற்க ஆளில்லை. 'நான் ஒரு கேட்டல் வினா, நீ தேர்வெழுதுகிறவன், இப்போது வாயை மூடு' என்கிறது அது. குறிப்பீடு முழுவதும் வடிந்துபோய்க் குறிப்பான் மட்டும் மிச்சமிருக்கிற சட்டை.

தமிழ் எம்.ஏ. படித்தவனுக்குச் சீனத்து ஆங்கில வினாத்தாளில் என்ன வேலை என்று கேட்கலாம். வினாத்தாளும் ஒரு பிரதிதான் என்பது என் கட்சி. அதற்கும் கதைசொல்லி உண்டு, பாத்திரங்கள் உண்டு, மௌனங்கள் உண்டு. 2024இல் 1 கோடியே 34 லட்சம் பேர் விண்ணப்பித்த தேர்வு இது. அத்தனை பேர் ஒரே பிற்பகலில் வாசிக்கிற பிரதியை விமர்சகன் தொடவே கூடாதென்றால் அப்புறம் எதைத்தான் தொடுவது? ஃபூக்கோ தம் 1975ஆம் ஆண்டு நூலில் தேர்வைக் கண்காணிப்பும் தரப்படுத்தலும் ஒன்றுசேரும் இடமாகக் காட்டியது நம் பக்கங்களில் பலமுறை பேசப்பட்டுவிட்டது. அதைத் திரும்ப ஒப்பிக்கப்போவதில்லை. அதோடு நின்றுவிட்டால் இந்தத் தேர்வின் பாதிக்கதை கைநழுவிப் போய்விடும் என்பது என் சந்தேகம்.

முதலில் கொஞ்சம் வரலாறு. அரசுப் பணிக்கான பழைய 'கேஜூ' தேர்வு 1905இல் ஒழிக்கப்பட்டது. கலாச்சாரப் புரட்சியில் 1966இல் நின்றுபோன பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு 1977இன் கடைசியில் மீண்டும் வந்தபோது சுமார் 57 லட்சம் பேர் எழுதினார்கள். இடம் கிடைத்தவர்கள் 3 லட்சத்துக்கும் குறைவு. அயல்மொழி மதிப்பெண் உடனே முழுசாகக் கணக்கில் வரவில்லை. படிப்படியாக ஏறி 1983இல்தான் முழு மதிப்பு பெற்றது. 1985இல் குவாங்டோங் மாகாணத்தில் புதுவகை ஆங்கிலத் தேர்வு தொடங்கியது. குவாங்ஜோவைச் சேர்ந்த மொழியியலாளர்கள் குய் ஷிச்சுன், லி ஷியாவ்ஜு போன்றவர்கள் இதன் பின்னால் இருந்தார்கள். வகுப்பறை இலக்கண மனப்பாடத்தில் மூழ்கிக் கிடக்கிறது. ஆசிரியரிடம் 'மாறு' என்று சொன்னால் மாறமாட்டார். தேர்வை மாற்றினால் தானாக மாறுவார். இதுதான் அவர்கள் கணக்கு. லி ஷியாவ்ஜு 1990இல் எழுதிய ஆங்கிலக் கட்டுரையின் தலைப்பே ஒரு மொழித் தேர்வுக்கு எவ்வளவு வல்லமை இருக்க முடியும் என்ற கேள்விதான். கட்டுரையில் நம்பிக்கை வழிகிறது. பாடநூல் தவிர வேறு எதையும் தொடாத மாணவர்கள் வெளியே ஆங்கிலம் தேடிப் படிக்கத் தொடங்கினார்கள் என்கிறார்.

சுமார் பதினைந்து ஆண்டுகள் கழித்து இன்னொரு பெண், ச்சி லூஷியா, 2004இல் இதே தேர்வைப் பற்றி ஆய்வேடு தருகிறார். தேர்வை ஆக்கியவர்கள் மொழிப் பயன்பாட்டை விரும்பினார்கள். பள்ளிகளோ தேர்வின் வடிவத்தை மட்டும் எடுத்துக்கொண்டு அதைப் பயிற்சி செய்தன. எதைத் தேர்வு கேட்கிறதோ அதை, எந்த உருவத்தில் கேட்கிறதோ அந்த உருவத்திலேயே. ஆளைப் பொறுக்கி எடுப்பது, கற்பித்தலை மாற்றுவது என்ற இரண்டு வேலைகளை ஒரே தேர்வின் தலையில் கட்டியதால் ஒன்று மற்றதைத் தின்றுவிட்டது என்பது அவர் வாதத்தின் சாரம். இந்த இரண்டு பிரதிகளையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால் ஒரு தலைமுறையின் ஏமாற்றம் கண்ணில் படும். அதில் யாருடைய சதியும் இல்லை என்பதுதான் சங்கடம்.

இனி வினாத்தாளுக்குள் போவோம். தேசியத் தாளின் கேட்டல் பகுதியில் 20 வினாக்கள், ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை, ஆக 30 மதிப்பெண். முதல் ஐந்து குட்டி உரையாடல்கள் ஒரே தடவை ஒலிக்கும். மீதி இரண்டு தடவை. கேள்வியும் விடைத் தெரிவுகளும் முன்னாலேயே தாளில் அச்சாகியிருக்கும். அவற்றைப் படிக்கச் சில விநாடிகள் தருவார்கள். அப்படியானால் காது திறப்பதற்கு முன்பே கண் வேலையை முடித்துவிடுகிறது. எதைத் தேடவேண்டும் என்று கண் சொல்லும், காது போய்ப் பொறுக்கிக்கொண்டு வரும். சுருக்கமாகச் சொன்னால் காது இங்கே கண்ணின் எடுபிடி.

அந்த உரையாடல்களில் பேசுகிறவர்கள் பெரும்பாலும் 'ஆண்', 'பெண்' என்கிற இரண்டு பேர். கேள்விகள் என்ன? இருவருக்கும் என்ன உறவு? எங்கே நின்று பேசுகிறார்கள்? அந்தப் பெண் அடுத்து என்ன செய்யப்போகிறாள்? இது ஒட்டுக்கேட்பவனிடம் கேட்கிற கேள்வியல்லவா! யாரும் மாணவனைப் பார்த்துப் பேசவில்லை. அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடவில்லை. 'என்ன சொன்னீங்க, இன்னொரு தடவை சொல்லுங்க' என்று கேட்க அவனுக்கு உரிமையில்லை. நம் வாழ்க்கையில் ஒரு மொழியைக் கேட்பது என்றால் பாதிக்குப் பாதி இப்படித் திரும்பக் கேட்பதுதானே? கதவுக்குப் பின்னால் நிற்கிற, புரிந்தும் புரியாமலும் தலையாட்டாத, ஒரு புள்ளியைக் கறுப்பாக்கிவிட்டு அடுத்ததற்குப் போகிற தன்னிலை ஒன்றை இந்தப் பகுதி உருவாக்குகிறது. ஊமை ஆங்கிலம் என்று சீனர்களே இதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். ஊமைக்கு மாற்றாக 1990களில் லி யாங் என்பவர் ஆயிரக்கணக்கானவர்களை மைதானத்தில் நிறுத்தி ஆங்கிலத்தைக் கத்தவைத்தார். 'கிறுக்கு ஆங்கிலம்' என்ற அந்த இயக்கத்தை ஜாங் யுவான் 1999இல் ஆவணப்படமாக எடுத்தார். ஒருபக்கம் பேசாமல் கேட்பவன், மறுபக்கம் கேட்காமல் கத்துபவன். இரண்டுபேரும் சந்தித்துக்கொள்ள வகுப்பறையில் இடமில்லை.

ஆனால் அந்த அரைமணி நேரத்துக்கு ஊர் காட்டுகிற மரியாதையைப் பாருங்கள். மற்றத் தாள்களுக்குத் தேர்வு தொடங்கிப் பதினைந்து நிமிடம் வரை தாமதமாக வரலாம். அயல்மொழித் தாள் பிற்பகல் 3 மணிக்கு, 2.45க்கே கதவு மூடிவிடும். ஒருவர் காலடிச் சத்தம் ஒரு அறையின் மதிப்பெண்ணைக் கெடுத்துவிடக் கூடாதே. தேர்வு மையத்தைச் சுற்றி வண்டிகள் ஒலியெழுப்பத் தடை. கட்டட வேலை நிற்கும். ஒரு பண்பாடு தன் பிள்ளைகளின் காதுக்காக இப்படி மூச்சை அடக்கி நிற்பது வேறு சந்தர்ப்பத்தில் நடக்குமா தெரியாது. அவ்வளவு அமைதிக்கு நடுவில் யாரோ ஒரு ஆணும் யாரோ ஒரு பெண்ணும் பேசிக்கொள்கிறார்கள்.

வாசித்தல் பகுதிபற்றி நிறையச் சொல்லத் தேவையில்லை. புதிய தாளில் 50 மதிப்பெண். நான்கு பத்திகள், பதினைந்து வினாக்கள். பிறகு ஐந்து வாக்கியங்களைப் பிடுங்கி எடுத்த ஒரு பத்தி. கொடுத்திருக்கும் ஏழிலிருந்து ஐந்தைப் பொருத்த வேண்டும். இந்தப் பிந்தைய பயிற்சி எனக்குப் பிடித்தமானது. பிரதியின் ஓட்டத்தை உண்மையிலேயே பின்தொடர்ந்தால்தான் செய்யமுடியும். நான்கு பத்திகள் விஷயம் வேறு. ஆசிரியரின் நோக்கம் என்ன, மனப்பான்மை என்ன என்று அடிக்கடி கேட்கிறார்கள். பார்த் கொன்றுபோட்ட ஆசிரியனைத் தேர்வாணையம் எழுப்பி உட்காரவைத்து, அவனுக்கு நான்கே நான்கு மனப்பான்மைகளைத் தருகிறது. 2017இல் ஜெஜியாங் மாகாணத்தின் சீனமொழித் தாளில் ஒரு சிறுகதை கொடுத்து, அதன் முடிவில் மீனின் கண்ணில் மின்னும் விசித்திர ஒளி எதைக் குறிக்கிறது என்ற சர்ச்சை கிளம்பியபோது, கதையை எழுதியவரே தனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டார். பாவம், அவர் தேறியிருக்கமாட்டார்! மாணவர்களிடம் இதற்கெல்லாம் தந்திரம் இருக்கிறது: மூன்று விடை நீளமாகவும் ஒன்று குட்டையாகவும் இருந்தால் குட்டையை எடு, மூன்று குட்டை ஒன்று நீளம் என்றால் நீளத்தை எடு. வாய்வழி இலக்கியமாக வழங்குகிற இந்த வாசிப்புக் கோட்பாட்டை எந்தப் பல்கலைக்கழகமும் சொல்லித் தரவில்லை.

அதே ஜெஜியாங்கில் 2018 நவம்பரில் நடந்தது வேடிக்கையான விஷயமில்லை. ஆங்கிலத் தாள் கடினமாகிவிட்டது என்று சொல்லி, வாசித்தல் உள்ளிட்ட பகுதிகளின் சில வினாக்களுக்கு மதிப்பெண்ணைப் பின்னால் கூட்டிக் கணக்கிட்டார்கள். முடிவு வெளியானதும் பெற்றோர்கள் கொதித்தெழுந்தார்கள். விசாரணை நடந்து, டிசம்பர் 5ஆம் தேதி அந்தக் கணக்கு ரத்தானது, பழைய மதிப்பெண்ணே நின்றது. மாகாணக் கல்வித்துறைத் தலைவர் பதவி இழந்தார். பெற்றோர்கள் எதற்காகக் கொதித்தார்கள்? தங்கள் பிள்ளைகளின் வாசிப்பு சரியாக மதிப்பிடப்படவில்லை என்பதற்காகவா? விதியை ஆட்டம் முடிந்தபின் மாற்றினார்கள் என்பதற்காக. தேர்வு எதை அளக்கிறது என்பதைவிட எல்லோரையும் ஒரே கோலால் அளக்கிறதா என்பதுதான் அங்கே உயிர்ப்பிரச்சினை. மேட்டிமைத்தனமாக இதைச் சிரித்துத் தள்ளுவது நமக்குச் சுலபம். செல்வாக்கும் பரிந்துரையும் இல்லாத ஒரு விவசாயியின் மகளுக்கு அந்தக் கோல் மட்டும்தான் பிடிமானம் என்பதை மறந்தால்தான் சிரிக்கமுடியும்.

இந்த இடத்தில் ஹெனான் மாகாணத்துக்குப் போகவேண்டும். 1973 ஜூலையில் அங்கே தாங்ஹே வட்டத்து கம்யூன் பள்ளியொன்றில் பதினைந்து வயது மாணவி ஒருத்தி ஆங்கிலத் தேர்வுத்தாளின் பின்பக்கத்தில் சீனமொழியில் நாலுவரி எழுதிவைத்தாள். நான் சீனப் பெண், அந்நிய மொழி எனக்கெதற்கு, ஏபிசி தெரியாமலும் புரட்சியைத் தொடர்வேன் என்கிற பொருளில். பள்ளி அவளைக் கண்டித்தது. இரண்டு நாளில் அவள் நீரில் மூழ்கி இறந்தாள். பிறகு அந்தச் சாவை சியாங் சிங் கும்பல் கையிலெடுத்து, தலைமையாசிரியரையும் வகுப்பாசிரியரையும் சிறைக்கு அனுப்பியது. அவள் எழுதியதை விடையாகவும் யாரும் வாசிக்கவில்லை, கேள்வியாகவும் வாசிக்கவில்லை. முதலில் ஒழுக்கக்கேடு, பின்னால் முழக்கம்.

அதே ஹெனானில் காவ்காவ் ஆங்கிலத் தாளின் கேட்டல் பகுதி பல ஆண்டுகள் மொத்த மதிப்பெண்ணில் சேராமல் இருந்தது. ஒலிபரப்பும், பார்வைக்கு மதிப்பெண்ணும் இருக்கும். சேர்க்கைக்கான கூட்டலில் வராது. மீதி 120ஐ 1.25ஆல் பெருக்கி 150 ஆக்கிவிடுவார்கள். காதின் முப்பதைக் கண்ணுக்குப் பங்கிட்டுக் கொடுக்கிற கணக்கு இது. இத்தகைய ஏற்பாட்டுக்குச் சொல்லப்படும் நியாயம் சமத்துவம்: கிராமத்துப் பள்ளிகளில் கருவி சரியில்லை, கேட்டுப் பழக வழியில்லை, நகரத்துப் பிள்ளைகளோடு எப்படிப் போட்டியிடுவது? பெய்ஜிங்கிலோ 2021 முதல் கேட்டலும் பேசுதலும் கணினியில், 150இல் 50 மதிப்பெண்ணுக்கு, ஆண்டுக்கு இரண்டு வாய்ப்பு, இரண்டில் எது அதிகமோ அது. ஒரு நாட்டுக்குள் ஒரு பிள்ளையின் காதுக்கும் வாய்க்கும் 50, இன்னொரு பிள்ளையின் காதுக்குச் சுழியம்.

தேர்வே அதிகாரத்தின் கருவி, ஒழித்துவிட்டால் என்ன என்று கேட்கிற நண்பர்கள் எனக்கு உண்டு. சீனாவிலும் 2021இல் அரசியல் ஆலோசனை மாநாட்டு உறுப்பினர் ஒருவர் ஆங்கிலத்தைக் கட்டாய முதன்மைப் பாடமாக வைக்கவேண்டாம், மொழிபெயர்ப்புக்கு இயந்திரம் வந்துவிட்டது என்று முன்மொழிந்தார். கல்வி அமைச்சகம் ஏற்கவில்லை. அவருடைய தேசியமும் என் நண்பர்களின் கலகமும் ஒரே இடத்தில் வந்து நிற்பதை அவர்கள் கவனித்ததாகத் தெரியவில்லை. தாளிலிருந்து ஆங்கிலம் போனால் ஷாங்ஹாய் குடும்பத்துப் பிள்ளைக்கு ஆங்கிலம் போய்விடாது. காசு கொடுத்து வாங்கிக்கொள்ளும். மதிப்பெண் இல்லாததைக் கிராமத்துப் பள்ளி கற்பிக்காது என்பதை ச்சி லூஷியாவின் ஆய்வே தலைகீழாக நிரூபிக்கிறது: கேட்கப்படுவது மட்டுமே கற்பிக்கப்படுகிறதென்றால், கேட்கப்படாதது செத்தது. ஆகவே ஒட்டுக்கேட்கவைக்கிற, ஊமையாக்குகிற, நான் இவ்வளவு நேரம் திட்டித்தீர்த்த அந்தக் கேட்டல் பகுதி ஹெனான் பிள்ளைக்கு வேண்டும் என்பதே என் நிலைப்பாடு. முப்பது மதிப்பெண்ணோடு, நல்ல ஒலிபெருக்கியோடு வேண்டும். லி ஷியாவ்ஜு வைத்த நம்பிக்கையில் முக்கால்வாசி பொய்த்துப்போனது உண்மை. மிச்சமிருக்கிற கால்வாசியை ஏழைகளின் பெயரைச் சொல்லி ஏழைகளிடமிருந்து பிடுங்கவேண்டாம்.

2024இல் ஹெனானில் மட்டும் 13 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் காவ்காவுக்கு விண்ணப்பித்தார்கள். கேட்டலுக்கு மதிப்பெண் சேராத அந்த ஆண்டுகளில் ஒரு தேர்வறையை நினைத்துப் பார்க்கிறேன். 3 மணி. வெளியே ஒரு வண்டிச் சத்தம் இல்லை. ஒலிபெருக்கி கரகரத்துத் தொடங்குகிறது. சூட்டிகையான பையன் என்ன செய்வான்? பக்கத்தைப் புரட்டி வாசித்தல் பகுதிக்குப் போய்விடுவான். இருபது நிமிடம் லாபம். அவன் தலைக்குமேல் யாரோ ஒரு பெண் சட்டை என்ன விலை என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள்.