விரல் நொடியில் ஒரு நினைப்பு: நன்னூலும் நம் உடம்பும்

நன்னூல் என்றதும் நம்மில் பலருக்கும் பள்ளிக்கூடத்து மனப்பாடமும் வாத்தியார் பிரம்பும்தான் ஞாபகம் வரும். சீயகங்கன் வேண்டிக்கொண்டபடி, 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் செய்த நூல் அது. அவர் சமண முனிவர். அடியேனும் சமணக் குடும்பத்தில் பிறந்தவன். அந்தப் பாசத்தால் புகழ்கிறேன் என்று எண்ண வேண்டாம். குறையையும் சொல்லத்தான் போகிறேன்.

எழுத்து எப்படிப் பிறக்கிறது? தொல்காப்பியர் கொப்பூழிலிருந்து எழும் காற்றைச் சொல்லி, தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என எட்டு இடம் காட்டுகிறார். உள்ளே எழும் ஓசையின் ஆராய்ச்சி அந்தணர் மறையைச் சேர்ந்தது, வெளியே கேட்பதையே இங்கு சொல்கிறேன் என்று நிறுத்திக்கொள்கிறார். பவணந்தியார் ஒரு படி உள்ளே போகிறார். முதலில் உயிரின் முயற்சி. அது உள்காற்றைத் தள்ள, அணுத்திரள் எழுந்து, வாய் உறுப்புகளின் தொழிலால் வெவ்வேறு எழுத்தாகிறது என்கிறார். ஒலியும் ஒரு பொருளே என்பது சமணக் கொள்கை. உடம்பு, வாக்கு, மனம், மூச்சு நான்கையும் புத்கலத்தின் உதவி என்று ஒரே வரிசையில் வைக்கிறது உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம். நினைப்பு ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கம் என்று அங்கே பிரிவினை இல்லை.

மாத்திரைக்கு அளவு கண்ணிமையும் கைந்நொடியும். பழைய செய்யுள் ஒன்று அந்த நொடியையும் நாலாகப் பங்கு போடுகிறது. நொடிக்க நினைத்தால் கால், விரலை ஊன்றினால் அரை, முறுக்கினால் முக்கால், விட்டால் ஒன்று. காலும் அரையும் பார்த்தே வியாபாரத்தில் பிழைத்தவன் நான். இந்தக் கணக்கு எனக்கு ரொம்பப் பிடிக்கும். சத்தம் வருமுன்பே, நினைப்புக்கென்று கால் பங்கு பற்று எழுதிவிட்டார்கள் பாருங்கள்! இதை வைத்து, இன்றைய மூளை விஞ்ஞானம் முழுவதும் நம்மவர் அன்றே அறிந்தது என்று மேடையில் முழங்குவது மட்டும் சரியல்ல.

இனி குறை. நன்னூலார் வாயையே மொழியின் வீடாக வைத்துவிட்டார். காது கேளாதவர் கையால் பேசுகிறார்களே, அது மொழியில்லையா? அமெரிக்க சைகை மொழிக்கும் முறையான அமைப்பு உண்டு என்று 1960இல் வில்லியம் ஸ்டோக்கி ஆராய்ந்து காட்டினார். பிறப்புச் சூத்திரத்துக்குள் அது அடங்காது. ஆனாலும் உயிரின் முயற்சி அங்கேயும் உண்டு, கருவிதான் வேறு.

வெளிமாநிலத்தில் வளரும் நம்ம பிள்ளைகளுக்கு ழகரம் வரலையே என்று பெற்றோர் குறைப்படுகிறோம், சில வீடுகளில் கேலியும் செய்கிறோம். பிள்ளை வாயை மூடிக்கொள்கிறது. பிறகு தமிழே பேசுவதில்லை. நாக்கு நுனி மேலண்ணத்தைத் தடவினால் ழகரம் பிறக்கும் என்று பவணந்தியார் வழி சொல்லியிருக்கிறார். கண்ணாடி முன் நிறுத்திப் பொறுமையாகச் சொல்லிக்கொடுங்கள். தமிழ் நம் ரத்தத்தில் ஊறியது என்பார்கள். ரத்தத்தில் ஊறிப் பயனில்லை ஐயா, நாக்கில் பழக வேண்டும்.