பவுசரும் பட்டியும்: ‘சட்டவிரோத’ மனிதர் பற்றிய இரு நாவல்கள்

பலஸ்தீனம் எமது இலக்கிய வட்டாரத்துக்குப் பெரும்பாலும் கவிதை வழியாகவே அறிமுகமானது. எம்.ஏ. நுஃமானின் ‘பலஸ்தீனக் கவிதைகள்’ 1981இல் வெளிவந்தது முதல் அக்கவிதைகள் இங்கு தொடர்ந்து வாசிக்கப்பட்டு வருகின்றன. பலஸ்தீனப் புனைகதைக்கு அந்த வாய்ப்புக் கிட்டவில்லை. கஸ்ஸான் கனஃபானியின் ‘ரிஜால் ஃபிஷ்ஷம்ஸ்’ (வெயிலில் மனிதர்கள், 1963) பேசப்படும்போதும் அது ஓர் அரசியல் உருவகமாகவே பேசப்படுகிறது. பவுசரினுள் மூச்சுத்திணறி இறக்கும் மூவரும் பலஸ்தீன மக்கள். ஆண்மையிழந்த சாரதி அவர்களது தலைமைத்துவம். இந்த வாசிப்புப் பிழையானதல்ல. ஆனால் நாவலின் பாதியை அது மறைத்துவிடுகிறது. மறைந்துபோன அந்தப் பாதியில் எல்லை கடக்கும் கூலி உழைப்பும், அதன் விலையும், அதைக் களவாக்கிய பொருளாதாரமும் இருக்கின்றன. பென்யாமினின் மலையாள நாவலான ‘ஆடுஜீவித’த்தை (2008) அருகில் வைத்து வாசிக்கும்போது இது தெளிவாகும்.

கனஃபானியின் கதை 1958 காலப்பகுதியில் நிகழ்கிறது. ஒலிவ மரங்களை இழந்த முதியவர் அபூ கைஸ், இளைஞன் அஸ்அத், பள்ளிப் பருவம் கடக்காத மர்வான் ஆகிய மூவரும் பஸ்றாவிலிருந்து குவைத்துக்குள் களவாக நுழைய விரும்புகின்றனர். பஸ்றாவின் ஆட்கடத்தல்காரன் தலைக்கு 15 தீனார் கேட்கிறான். சாரதி அபுல் கைஸுறான் 10 தீனாருக்கு இணங்குகிறான். மர்வானிடம் 5 தீனாருக்கு இரகசியமாக ஒத்துக்கொள்கிறான். நாவலின் பெரும் பகுதி இந்தப் பேரம்தான். பணத்தை முன்னரே கொடுப்பதா, போய்ச் சேர்ந்த பின் கொடுப்பதா என்ற வாக்குவாதத்துக்குக் கனஃபானி ஒதுக்கும் இடத்தை எமது விமர்சகர்கள் கவனிப்பதில்லை. பவுசரின் சொந்தக்காரரான ஹாஜி றிழா செல்வந்தர் என்பதால் எல்லையில் அவரது வாகனம் சோதிக்கப்படுவதில்லை என்பதும் போகிற போக்கில் சொல்லப்படும் விபரமல்ல. பணக்காரரின் பெயரே அங்கு கடவுச்சீட்டு.

அன்றைய குவைத்துக்கு ஆட்கள் தேவைப்பட்டனர். 1946இல் எண்ணெய் ஏற்றுமதியைத் தொடங்கிய அந்நாட்டின் சனத்தொகை 1957இல் ஏறத்தாழ 2 இலட்சத்து 6 ஆயிரம். எட்டே ஆண்டுகளில், 1965இல், அது 4 இலட்சத்து 67 ஆயிரமாகியது. அதில் பாதிக்கு மேற்பட்டோர் வெளிநாட்டவர். வேலை செய்யும் கைகள் வேண்டும், ஆனால் அந்தக் கைகளுக்குரிய மனிதன் உரிமையோடு உள்ளே வரக்கூடாது என்ற முரண்பாட்டிலிருந்தே கடத்தல்காரனின் 15 தீனார் பிறக்கிறது. எல்லையில் இறுக்கம் கூடக்கூடக் கடத்தலின் விலை கூடுகிறது. தேவை மட்டும் குறைவதில்லை. இந்த எளிய கணக்கைப் பொருளியல் நூல் எதனையும் துணைக்கழைக்காமல் கனஃபானி கதையாக்கியிருக்கிறார். 1962இல் பெய்ரூத்தில் உரிய ஆவணங்கள் இல்லாமையால் சிறிது காலம் மறைந்திருக்க நேர்ந்தவர் அவர் என்பதையும் இங்கு நினைவுகூரலாம்.

முத்லா சோதனைச் சாவடியில் எழுதுவினைஞன் அபூ பாகிர், பஸ்றாவின் நடனக்காரி ஒருத்தியைப் பற்றிக் கேலிபேசிச் சாரதியைத் தாமதிக்க வைக்கிறான். ஓகஸ்ட் வெயிலில் அந்தச் சில நிமிடங்கள் மூன்று உயிர்களைப் பறிக்கின்றன. சாரதி உடல்களைக் குப்பைமேட்டருகே போட்டுவிட்டு, சட்டைப் பைகளிலிருந்த பணத்தையும் மர்வானின் கைக்கடிகாரத்தையும் எடுத்துக்கொள்கிறான். ‘ஏன் தட்டவில்லை?’ என்ற பொருள்பட அவன் எழுப்பும் கேள்வியுடன் நாவல் முடிகிறது. இந்த முடிவில் எனக்கு உடன்பாடில்லாத ஓர் அம்சம் உண்டு. கேள்வி இறந்தவர்களை நோக்கிக் கேட்கப்படுகிறது. சாவடியில் இருந்தவனை நோக்கியோ பவுசரின் முதலாளியை நோக்கியோ அல்ல. 1972இல் எகிப்திய இயக்குநர் தௌஃபீக் ஸாலிஹ் இந்நாவலை ‘அல் மக்தூஊன்’ என்ற பெயரில் சிரியாவில் படமாக்கியபோது முடிவை மாற்றினார். படத்தில் அவர்கள் தட்டுகிறார்கள். குளிரூட்டிகளின் இரைச்சலில் அந்தச் சத்தம் எவர் காதிலும் விழுவதில்லை. ஆவணமற்ற மனிதனின் நிலையை இந்த மாற்றமே சரியாகச் சொல்கிறது என்பேன்.

கனஃபானி வாசலோடு நின்றுவிடுகிறார். அவரது குவைத் ஒரு கனவாகவே இருந்துவிடுகிறது. வாசலுக்கு உள்ளே என்ன நடக்கிறது என்பதைப் பென்யாமின் எழுதுகிறார். கேரளத்தில் ஆற்றுமணல் அள்ளிக்கொண்டிருந்த நஜீப் முறையான விசாவோடுதான் றியாத் விமான நிலையத்தில் இறங்குகிறான். அங்கு வந்த ஒருவன் அவனை வாகனத்தில் ஏற்றிப் பாலைவனத்து ஆட்டுப்பட்டிக்குக் கொண்டுசெல்கிறான். மூன்றாண்டுகளுக்கு மேல் சம்பளமில்லாத வேலை. தப்பி வந்த பின், நாட்டுக்குத் திரும்புவதற்காகப் பொலிஸாரிடம் தானே பிடிபடப் பார்க்கிறான். எல்லையைக் களவாகக் கடந்த கனஃபானியின் மாந்தருக்கும் இவனுக்கும் உள்ள வேறுபாடு முக்கியமானது. நஜீப் எந்தச் சட்டத்தையும் மீறி உள்ளே வரவில்லை. கபீல் முறைமை அவனைச் சட்டவிரோதியாக்கியது. வேலைகொள்வோன் கையில் பாஸ்போர்ட்டும் இக்காமாவும் இருக்கும் வரையில், அவனைவிட்டு விலகும் கணமே தொழிலாளி ‘ஓடிப்போனவன்’ ஆகிவிடுகிறான். ‘ஹுரூப்’ என்ற சொல்லை எமது கிராமங்களில் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

சிறையில் அர்பாப்மார் வந்து தமது ஆட்களை அடையாளம் காணும் காட்சிதான் இந்நாவலின் உச்சம். நஜீபின் அர்பாப் அவனைக் கண்டும் விட்டுச்செல்கிறான். காரணம், அவன் தனது விசாவில் வந்தவன் அல்ல. சட்டப்படி தனது ஆளாயிருந்திருந்தால் இழுத்துக்கொண்டு போயிருப்பான். சட்டத்துக்கு வெளியே இருந்ததே நஜீபுக்கு விடுதலையாகிறது. நாவலின் ஏனைய பகுதிகள் கொடிய ஒரு தனிமனிதனின் கதையாகச் சுருங்கிவிடும் ஆபத்தில் இருக்கின்றன. ‘நல்ல கபீல் கிடைத்திருந்தால்’ என்று பெருமூச்சுவிட்டபடி வாசகர் புத்தகத்தை மூடிவிட இடமிருக்கிறது. இந்த ஒரு காட்சி அதற்கு இடம்தராமல் முறைமையையே வெளிச்சத்துக்குக் கொண்டுவருகிறது. 2021 மார்ச்சில் சவூதி அறேபியா இம்முறைமையில் சில தளர்வுகளைக் கொண்டுவந்தபோது, வீட்டுப் பணியாளரோடு மேய்ப்பரும் அதிலிருந்து விலக்கப்பட்டனர் என்பதை அறிந்தால், நாவலின் காலப் பொருத்தம் புரியும்.

ஆவணமற்ற குடியேறிகளால் ஒரு நாட்டின் பொருளாதாரம் பாதிக்கப்படுகிறது என்ற வாதத்தை நாம் ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. முறைப்பாடு செய்ய வழியற்றவன் எந்தக் கூலிக்கும் இணங்குவான். அதனால் ஆவணமுள்ளவனின் கூலியும் இறங்கும். உள்ளூர்த் தொழிலாளியின் கோபத்துக்கு நியாயமான ஓர் அடிப்படை உண்டு. ஆனால் அந்த இறக்கத்தின் இலாபம் எங்கே போகிறது? 2013இல் சவூதி பொதுமன்னிப்புக் காலத்தை அறிவித்து, அதன் பின் பெருமெடுப்பிலான கைதுகளில் இறங்கியது. சுமார் பத்து இலட்சம் பேர் வெளியேறினர். சிறு கட்டட ஒப்பந்தக்காரர்களும் கடைக்காரர்களும் ஆளின்றித் திண்டாடினர். வேண்டாதவர் என்று சொல்லப்பட்டோரே வேலையைத் தாங்கி நின்றனர் என்பது அப்போது தெரிந்தது. குவைத்தில் 1990இல் ஏறத்தாழ 4 இலட்சம் பலஸ்தீனர் வாழ்ந்தனர். வளைகுடாப் போரின் பின் அவர்களில் பெரும்பாலோர் அந்நாட்டை இழந்தனர். தலைமுறைக் காலம் கற்பித்தும் கட்டியும் கணக்கெழுதியும் அந்நாட்டை உருவாக்கியவர்களின் உரிமை அரசியல் காற்று மாறியதும் இல்லாமற்போயிற்று.

இவற்றையெல்லாம் வாசித்துவிட்டு எமது சொந்தக் கதைகளிடம் வரும்போது ஏமாற்றமே எஞ்சுகிறது. கிழக்கிலும் புத்தளத்திலும் மலையகத்திலுமிருந்து மத்திய கிழக்குச் சென்ற பெண்களைப் பற்றி ஏராளமாக எழுதியிருக்கிறோம். அவற்றுட் பெரும்பாலானவை கண்ணீரிலோ கண்டனத்திலோ முடிகின்றன. கணவன் குடிகாரனாகிறான், பிள்ளை வழிதவறுகிறது, அவள் போயிருக்கக் கூடாது. உப முகவர் எங்கே? கடவுச்சீட்டில் வயதைக் கூட்டி எழுதியவர் எங்கே? மூதூர் றிஸானா நபீக் 2005இல் 17 வயதில் சவூதிக்கு அனுப்பப்பட்டபோது, அவரது கடவுச்சீட்டு 1982இல் பிறந்தவர் என்றது. 2013 ஜனவரி 9ஆம் திகதி அவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்ட பின் எமது கவிஞர்கள் எழுதிய இரங்கற் கவிதைகள் பல. அந்தப் பொய்த் திகதி எழுதப்பட்ட மேசையைப் பற்றிய ஒரு நல்ல சிறுகதை என் கண்ணில் பட்டதில்லை.

அதே 2013இல், ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளையுடைய தாய்மார் வேலைக்குச் செல்வதை எமது அரசு தடுத்தது. 2022இல் அது தளர்த்தப்பட்டது. அதே ஆண்டில், சுற்றுலா விசாவில் ஓமானுக்கு அனுப்பப்பட்ட பெண்களின் விவகாரம் வெளிவந்தது. தடை அகன்றாலும் தரகரின் பாதை அகலவில்லை. வறுமை அனுப்புகிறது, தரகர் விலை பேசுகிறார், அரசு சில வேளை தடுத்தும் சில வேளை கண்மூடியும் கொள்கிறது. கடைசியில் ‘சட்டவிரோதம்’ என்ற முத்திரை அந்தப் பெண்ணின் நெற்றியில்தான் விழுகிறது. மலையகத் தமிழரைக் ‘கள்ளத்தோணி’ என்றழைத்த நாடு இது. தோட்டங்களுக்குக் கொண்டுவந்தவர்களை யாரும் அப்பெயரால் அழைத்ததில்லை.

எமது எழுத்தாளர்களிடம் அனுதாபம் நிறையவே இருக்கிறது. அது போதாது என்பதே இவ்விரு நாவல்களும் எமக்குத் தரும் பாடம். கனஃபானி 10 தீனாரை எழுதினார். பென்யாமின் ஒரு விசாவை எழுதினார். துயரத்தின் அளவை அந்த விபரங்களிலிருந்தே வாசகர் உணர்ந்துகொள்கிறார். முகவர் நிலையத்தின் மேசை, கொடுக்கப்பட்ட தொகை, மாற்றப்பட்ட திகதி, பறிக்கப்பட்ட பாஸ்போர்ட் ஆகியவற்றை அறிந்தவர்கள் எமது ஊர்களில் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். அடுத்த கதையை எழுதுவோர் அவர்களிடம் போய் உட்கார்ந்து விசாரித்து எழுத வேண்டும்.