ஸ்லாப்டியின் பின்கட்டு

எல்டேப் என்ற டைரக்டரி நெறிமுறை பிறந்தபோது அதற்கென்று சொந்தமாக ஒரு பதிவுகூடக் கிடையாது. 1993இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் டிம் ஹவ்ஸ் மற்றவர்களுடன் சேர்ந்து எழுதி வெளியிட்ட முதல் வரையறையின் நோக்கம், எக்ஸ்.500 என்ற கனத்த டைரக்டரி முறையைச் சின்னக் கணினிகளும் எட்டும்படி செய்வதுதான். கேள்வியை வாங்கி, எக்ஸ்.500க்குப் புரியும்படி மாற்றி, பதிலைக் கொண்டுவந்து கொடுப்பதே வேலை. தனித்து இயங்கும் சர்வராக ஸ்லாப்டி வந்தது அதற்குப் பிறகு. அதை எழுதியவர்கள் அன்றே ஒரு நல்ல முடிவை எடுத்தார்கள். நெறிமுறை பேசும் பகுதியையும் தரவை வைத்திருக்கும் பகுதியையும் (பேக்எண்ட்) தனித்தனியாகப் பிரித்துவிட்டார்கள். அந்த மிச்சிகன் ஸ்லாப்டியிலேயே எல்டிபிஎம், ஷெல், பாஸ்வேர்டு என மூன்று பேக்எண்டுகள் இருந்தன.

1998இல் ஓபன்எல்டேப் திட்டம் தொடங்கியபோது அந்த நிரலே அதன் அடித்தளமானது. அந்தப் பிரிப்பும் கூடவே வந்தது. பழைய வீட்டின் முன்கட்டு அப்படியே இருக்க, பின்கட்டை மட்டும் தலைமுறைக்குத் தலைமுறை இடித்துக் கட்டிக்கொள்வதுபோல ஸ்லாப்டியின் பின்புறம் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. வாசலில் நின்று பெயரும் மின்னஞ்சலும் கேட்பவருக்கு அந்த மாற்றம் தெரிவதே இல்லை.

நெடுங்காலம் அங்கே பெர்க்லி டிபி என்ற டேட்டாபேஸ் நூலகத்தின் ஆட்சிதான். அதன்மேல் முதலில் பிடிபி, பிறகு ஹெச்டிபி என்ற பேக்எண்டுகள். பிடிபி ஒவ்வொரு பதிவின் முழு முகவரியையும், ஆள், பிரிவு, துறை, நிறுவனம் என்று கடைசிவரை, எழுதி வைத்தது. துறையின் பெயர் மாறினால் கீழே இருக்கும் அத்தனை முகவரிகளும் மாற வேண்டும். ஆகவே கிளையோடு பெயர் மாற்றும் வசதியே அதில் இல்லை. ஹெச்டிபி, பதிவின் சொந்தப் பெயரையும் அதன் தாய்ப்பதிவு எது என்பதையும் மட்டும் குறித்துக்கொண்டது. கீழே ஆயிரக்கணக்கானோர் இருந்தாலும் ஓரிடத்தில் திருத்தினால் போதும். சேமிப்பு முறையில் செய்த ஒரு சின்ன மாற்றம், இல்லாத வசதியையே கொண்டுவந்து சேர்த்தது.

ஆனால் இவற்றின் பராமரிப்புதான் பெரும்பாடு. பெர்க்லி டிபிக்கு ஒரு கேஷ், முழுப் பதிவுகளுக்கு இன்னொன்று, தேடலில் கிடைக்கும் எண் பட்டியல்களுக்கு மூன்றாவது. இவை போதாதென்று ஆபரேட்டிங் சிஸ்டமும் தன் பங்குக்கு அதே ஃபைலின் பகுதிகளை மெமரியில் வைத்திருக்கும். ஒரே தகவலுக்குப் பல பிரதிகள்! மூன்று கேஷுக்கும் சரியான அளவு சொல்லத் தெரிந்த அட்மினுக்கு அந்நாளில் தனி மதிப்பு இருந்தது.

ஓபன்எல்டேப்பின் தலைமை வடிவமைப்பாளர் ஹோவர்ட் சூ இந்தச் சிக்கலுக்கு இன்னொரு கேஷைத் தீர்வாகக் கொண்டுவரவில்லை, இருந்தவற்றையும் எடுத்துவிட்டார். 2011இல் அவர் அறிமுகப்படுத்திய எம்டிபி, டேட்டாபேஸ் ஃபைல் முழுவதையும் மெமரி முகவரிகளோடு நேராகப் பொருத்திவிடுகிறது. எந்தப் பகுதியை மெமரியில் வைப்பது, எதை விடுவது என்பதெல்லாம் ஆபரேட்டிங் சிஸ்டத்தின் பொறுப்பு. பின்னாளில் எல்எம்டிபி என்ற பெயரில் அந்தச் சேமிப்பு நூலகம் போஸ்ட்ஃபிக்ஸ் மின்னஞ்சல் சர்வர், மொனேரோ கிரிப்டோ நாணயம் வரை பரவியது.

அது எழுதும் விதத்தை அருகில் நின்று பார்க்க வேண்டும். ஓர் ஊழியரின் தொலைபேசி எண் மாறுகிறது. பழைய எண் இருக்கும் பக்கத்தை எம்டிபி தொடுவதில்லை. அதைப் பிரதி எடுத்து, பிரதியில் புது எண்ணை எழுதுகிறது. அந்தப் பக்கத்தைச் சுட்டும் மேல்பக்கத்துக்கும் ஒரு பிரதி, அதற்கும் மேலே இருப்பதற்கு ஒன்று என்று பக்கங்களாலான மரத்தின் வேர்வரை இப்படியே போகிறது. ஃபைலின் தொடக்கத்தில் இரண்டு தலைப்புப் பக்கங்கள் உண்டு. புதிய வேர் எங்கே என்பதை அவற்றில் மாறிமாறி ஒன்றில் எழுதிய கணத்தில்தான் மாற்றம் செல்லுபடியாகிறது. அதற்கு முன்பே படிக்கத் தொடங்கியவர் பழைய வேரைப் பிடித்துக்கொண்டு பழைய எண்ணையே நிம்மதியாகப் படித்து முடிப்பார். எழுதுபவர் ஒருநேரத்தில் ஒருவர்தான், ஆனால் அவருக்காக வாசகர் யாரும் காத்திருப்பதில்லை. நடுவில் மின்சாரம் போனாலும் பழைய தலைப்புப் பக்கம் பத்திரமாக இருக்கும். மறுபடி இயக்கும்போது லாக்கைப் புரட்டிப் பழுது பார்க்கும் வேலை கிடையாது.

குறையும் உண்டு. யாராவது நெடுநேரம் படித்துக்கொண்டே இருந்தால், அவர் பிடித்திருக்கும் பழைய பக்கங்களை மறுபடி பயன்படுத்த முடியாது. எழுத்து அதிகமாக நடக்கும் நேரத்தில் ஃபைல் வீங்கும். இதற்காகவே பெரிய தேடல்களை 10,000 பதிவுகளுக்கு ஒருமுறை மூச்சுவிட்டுத் தொடரும்படி வைத்திருக்கிறார்கள். ஃபைலின் உச்ச அளவைச் சொல்லாமல் விட்டால் வெறும் 10 எம்பியோடு நின்றுவிடும் என்பதை அறியாமல் திகைத்த அட்மின்களும் உண்டு. இருந்தாலும் 2021இல் வந்த ஓபன்எல்டேப் 2.5 பதிப்பு பிடிபியையும் ஹெச்டிபியையும் அகற்றியபோது எம்டிபி அந்த இடத்தில் உறுதியாக உட்கார்ந்துவிட்டது.

எளிமையை விரும்புவோருக்கு எல்டிஃப் பேக்எண்ட். பதிவுக்கு ஒரு டெக்ஸ்ட் ஃபைல், கிளைக்கு ஒரு ஃபோல்டர். ஸ்லாப்டி தன் சொந்த அமைப்புகளையே இப்படித்தான் வைத்துக்கொள்கிறது. அந்த ஃபைலைத் திறந்தால், இதைக் கையால் திருத்தாதே என்ற எச்சரிக்கைதான் முதல் வரி.

எதையும் சேமிக்காத பேக்எண்டுகள்தான் அடுத்த விருந்து. எல்டேப் பேக்எண்ட் கேள்வியை இன்னொரு சர்வருக்கு அனுப்பிப் பதிலை வாங்கித் தருகிறது, ஏறத்தாழ அந்த 1993ஆம் ஆண்டு வேலை. மைக்ரோசாஃப்ட் ஆக்டிவ் டைரக்டரியின் முன்னால் இதை நிறுத்தி, அதன் பண்புப் பெயர்களை லினக்ஸ் எதிர்பார்க்கும் பெயர்களாக வழியிலேயே மாற்றித் தரலாம். இதில் நுட்பமான இடம் அடையாளம். கேட்டவர் யாரென்று மறுபக்கச் சர்வருக்கு எப்படிச் சொல்வது? ப்ராக்ஸியாக நிற்கும் இந்தப் பேக்எண்ட் தன் சொந்தக் கணக்கில் உள்ளே போய், இன்னாருக்காகக் கேட்கிறேன் என்று சொல்லலாம். ஆனால் அந்தச் சர்வர் ப்ராக்ஸியை நம்பி அனுமதி கொடுத்திருக்க வேண்டும். யார் பெயரில் யார் பேசலாம் என்பதை இவ்வளவு கவனமாக யோசித்திருப்பது மனதுக்கு நிறைவைத் தருகிறது.

மெட்டா என்ற பேக்எண்ட் இன்னும் துணிச்சலானது. இரண்டு நிறுவனங்கள் இணைந்துவிட்டன, டைரக்டரிகள் இணையவில்லை என்ற நிலைமைக்கு ஏற்றது. பல சர்வர்களை ஒரே மரமாகக் காட்டி, கேள்வியைப் பொருத்தமானவற்றுக்கெல்லாம் அனுப்பிப் பதில்களைத் தொகுக்கிறது. ஒரு சர்வர் படுத்துவிட்டால் கிடைத்ததை மட்டும் கொடுப்பதா, பிழை என்று சொல்வதா என்பதை அட்மினே தீர்மானிக்கலாம். கடவுச்சொல் சரிபார்க்கும் இடத்தில் அரைகுறைப் பதிலைவிடப் பிழையே மேல். தொலைபேசிப் பட்டியலுக்கு அரைகுறையும் உதவும். மெட்டாவின் பலவீனம் காத்திருப்பு: தொலைவில் ஒரு சர்வர் மெதுவாகப் பதில் சொன்னால், அந்தக் கேள்வியைக் கையில் எடுத்த த்ரெட் சும்மா நிற்கும். 2.5இல் சேர்ந்த அசிங்க்மெட்டாவில் த்ரெட் கேள்வியை அனுப்பிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறது. பதில் வரும்போது கைக்கு எட்டிய வேறொரு த்ரெட் அதை வாங்கி, கேட்டவரிடம் சேர்க்கிறது.