40ஆம் நாள் அரிவாள்

வேலிமசால் என்னும் தீவனச் செடிக்குத் தமிழ்நாட்டில் சொல்லப்படும் கணக்கு எளிது: விதைத்த 90ஆம் நாள் 50 செ.மீ. உயரத்தில் முதல் அறுப்பு, பிறகு 40 நாளுக்கு ஒருமுறை. கொட்டில் முறையில் ஆடு வளர்ப்பவருக்கு இதனால் பயன் உண்டு. பாத்திகளைப் பிரித்து அன்றாடம் பசுந்தீவனம் எடுக்கலாம். செடியும் விறகாகிப் போகாமல் மறுபடி தழைக்கும்.

ஆனால் மழைக்காலத்து 40 நாளும் வறண்ட மாதத்து 40 நாளும் ஒன்றல்ல. நல்ல மழையில் அதே 40 நாளுக்குள் தண்டு முற்றிக் காயும் பிடித்துவிடும். ஆட்டின் வாய் குறுகியது, மேலுதடு நன்றாக அசையக்கூடியது. இலையையும் நுனியையும் ஒடித்துக்கொண்டு தண்டை விட்டுவிடும். இலை நெருக்கமாக, எட்டும் உயரத்தில் இருந்தால் ஒரு கடிக்கே வாய் நிறையும். முற்றிய செடியில் இலைகள் தள்ளித் தள்ளி நிற்கும். கடி சிறுத்து, தேடும் நேரம் கூடும். ஆடு நெடுநேரம் மேய்கிறது என்று மகிழ்பவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். நேரம் கூடினாலும் உள்ளே போன தீவனம் குறைந்திருக்கலாம்.

விட்டுவிடும் தண்டு வீணாகாமல் இருக்கப் பலர் புல் நறுக்கும் இயந்திரத்தை நாடுகிறார்கள். சேதாரம் குறைகிறது, உண்மைதான். ஆனால் பொறுக்கித் தின்னும் வாய்ப்பையும் அது பறித்துவிடுகிறது. நார் மிகுந்த தண்டு இலையோடு கலந்து உள்ளே போனால் செரிப்பது மெதுவாகும், மொத்த உட்கொள்ளலும் குறையும். இளம் தழையை நறுக்குவதில் எனக்கு ஆட்சேபமில்லை. முற்றியதைக் கட்டாகத் தொங்கவிட்டு, கழித்த குச்சியை அடுப்புக்கு எடுப்பதே மேல்.

அதற்காக எல்லாவற்றையும் இளசாகவே அறுக்க வேண்டும் என்பதும் சரியல்ல. சவுண்டல் என்னும் தீவன மரத்தின் மிமோசின் நஞ்சு இளந்தளிரில்தான் அதிகம். அதிலிருந்து வயிற்றில் உருவாகும் நச்சுப்பொருளைச் சிதைக்கும் நுண்ணுயிர் ஹவாய் ஆடுகளின் இரைப்பையில் இருப்பதை ஆஸ்திரேலிய விஞ்ஞானி ரேமண்ட் ஜோன்ஸ் கண்டறிந்தார். எல்லா மந்தையிலும் அது இருக்கும் என்று நம்பியிருக்க முடியாது. முயல்மசால் என்னும் தீவனச் செடி இன்னொரு விதம். வட ஆஸ்திரேலிய மேய்ச்சல் நிலங்களில் மழைத் தொடக்கத்தில் மாடுகள் புல்லையே நாடும். புல் முற்றிய பிறகுதான் முயல்மசால் பக்கம் திரும்பும். ஒரு பயிரின் முதிர்ச்சியைப் பக்கத்தில் வளர்ந்திருப்பதோடு சேர்த்தே எடைபோட வேண்டியிருக்கிறது.

கூலியாளை நம்பி அறுப்பவருக்கு நாள்கணக்கு தவிர்க்க முடியாதது. அவரும் ஒன்று செய்யலாம்: தீவனத் தொட்டியில் மிஞ்சும் குச்சி வாரத்துக்கு வாரம் தடித்துவந்தால் அடுத்த அறுப்பைச் சில நாள் முன்னே இழுத்துக்கொள்ளலாம்.